இருமலில் விழுங்கிய வரி

புற்றுநோய்ப் பிரிவின் நடைக்கூடத்தில் நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். முதல் வாரங்களில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிப்போனது. யாருடைய எண்ணைக் கூப்பிட்டாலும் என் உடம்பும் கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

இதை வாசிக்கும் நீங்கள் இப்போது அப்படியொரு நாற்காலியில் இருக்கலாம். அல்லது அதில் இருப்பவரின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்கு அல்ல. ஒருமுறை தைரியம் சொல்லி ஒருத்தியைக் கெடுத்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு.

எனக்கு அது ரயிலில் தெரிந்தது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வேலைக்குத் தினமும் கோமுட்டர் ரயிலில்தான் போவேன். கூட்டத்தில் யாரோ இடித்ததில் தோள்பையின் வார் இடது மார்பை அழுத்தியது. வலிக்கவில்லை. வாருக்கும் எனக்கும் நடுவில் மூன்றாவதாக ஏதோ ஒன்று இருந்தது, அவ்வளவுதான். கையை வைத்துப் பார்க்க அங்கே இடமில்லை. இறங்கிய பிறகு பார்க்கத் தைரியமில்லை. இந்த வயதில் உடம்பு எதையாவது உருட்டத்தான் செய்யும் என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் அந்த இரண்டு மாதத்தைச் செலவழிக்காதீர்கள்.

கிளினிக்கில் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஊசியைச் செலுத்தி பயாப்சி (கட்டியிலிருந்து துளித் திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவைச் சொன்னவர் இளம் மலாய் மருத்துவர். என்னை ஆன்டி என்றுதான் கூப்பிடுவார். மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கட்டி பெரியது, அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணு ஒன்றுக்கும் போயிருக்கிறது. ஆகவே முதலில் கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவது). அது கட்டியைச் சுருக்கிய பிறகு அறுவை. அதன்பின் கதிர்வீச்சு.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். மருந்து தொடங்குவதற்கு முன் கட்டியின் நடுவில் அரிசியைவிடச் சின்னதாக ஓர் உலோகக் குறியை வைப்பார்களாம். எதற்கு என்று கேட்டேன். "கட்டி முழுக்கக் கரைஞ்சு போயிட்டா, அது எங்க இருந்துச்சுனு எங்களுக்குத் தெரியணுமே ஆன்டி" என்றார்.

கரையும் என்று எனக்கு முன்பே அவர்கள் நம்பியிருந்தார்கள். குறிவைக்கும் அளவுக்கு. இது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

நான் கர்த்தரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கத்தி படாமல் கரைந்துபோகட்டும். உயிரைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்; உயிரைப் பற்றி நினைக்கும் தெம்பில்லை. கத்தியைப் பற்றி மட்டும் நினைத்தேன்.

எங்கள் சபை கிள்ளானில், கடைவீட்டின் மேல்மாடியில். ஐம்பது அறுபது பேர் வருவோம். பெண்கள் ஜெபச் சங்கிலி போட்டார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை மணிக்கு ஒருவர் என்று பெயர் எழுதிக்கொண்டு எனக்காக ஜெபிப்பது. காலை ஆறு மணியை எடுத்துக்கொண்டவர் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி விற்கும் சிஸ்டர். ஒரு பொட்டலத்துக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று மடித்துக்கொண்டே ஜெபிப்பதாகச் சொன்னார். சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு விழிப்பு வந்தால், எங்கோ வாழையிலையில் என் பெயரையும் வைத்து மடிக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருந்தது. அதை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சிகிச்சையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் நான்கு முறை ஏற்றுவது சிவப்பு மருந்து. ரோஸ் சிரப் மாதிரி இருக்கும். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும்; பயப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாம் முறைக்கு முன்பே முடி கொத்தாக வந்துவிட்டது. நகங்கள் கறுத்தன. துருப்பிடித்த கரண்டியைச் சப்பிக்கொண்டே இருப்பது போல நாக்கில் ஒரு ருசி. என் கணவர் ஜேம்ஸ் மீன் பொரித்தால் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் மீன் வாங்குவதை நிறுத்தினார். அதற்கும் அழுதேன்.

அப்புறம் அந்தக் களைப்பு. களைப்பு என்ற சொல் போதாது. நடந்து களைத்தால் உட்காரலாம். இது உட்கார்ந்திருப்பதிலேயே களைப்பது. கரண்டியைப் பார்த்துக் களைப்பது. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பதில் சொல்ல வாய் திறக்க வேண்டியிருக்கிறதே என்று களைப்பது. அந்நாட்களில் என் ஜெபம் முழு வாக்கியமாக இருந்ததில்லை. "கத்தி வேண்டாம்" என்று மட்டும் இருக்கும். சில நாள் "வேண்டாம்" என்று மட்டும்.

எட்டாவது மருந்தேற்றமும் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அறையில் இருந்தவள் தமிழ்ப் பெண். குளிர்ந்த கூழைத் தடவி, கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். என் கண்களை நான் மூடிக்கொண்டேன்.

"அக்கா, குறி மட்டுந்தான் தெரியுது. வேற ஒண்ணும் காணோம். கரைஞ்சிருச்சுக்கா."

படுத்தபடியே அழுதேன். அவள் கூழைத் துடைக்கத் தாளை நீட்டினாள். நான் அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னது கேட்கப்பட்ட ஜெபத்தின் கதை. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று இன்றும் விசுவாசிக்கிறேன். இனிச் சொல்லப்போவது நான் செய்தது.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது. ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் கீபோர்டு வாசிப்பவர் மெதுவாகப் பாட்டைத் தொடங்கிவிடுவார், உட்கார வேண்டியதுதான்.

என் தொழிலையும் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அழைப்பிதழ்க் கடையில் எழுதிக் கொடுப்பவள் நான். கலியாண அட்டைக்கு நான்கு வரிக் கவிதை, பத்திரிகையில் வரும் நினைவஞ்சலிக்கு ஆறு வரி. வீட்டார் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அட்டையில் இருக்கும் இடம் உள்ளங்கை அளவு. எதை எடுத்தால் அழகு கெடாது என்று பார்த்துச் சிவப்புப் பேனாவால் அடிப்பதுதான் என் வேலை. இருபது வருடமாக அடிக்கிறேன். ஒருமுறை தாய்மாமன் பெயரை எடுத்துவிட்டேன் என்று ஒரு குடும்பமே கடைவாசலில் வந்து நின்றது. அட்டை பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாட்சியையும் அப்படித்தான் எழுதினேன். முதலில் இரண்டு பக்கம் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து வாசித்தால் ஏழு நிமிடம். அடிக்கத் தொடங்கினேன். உலோகக் குறியை அடித்தேன். சிவப்பு மருந்தை அடித்தேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவர்கள் முன் நிற்கப்போவது மொட்டைத் தலையும் கறுத்த நகமுமாக நான்தானே. "ஆறு மாதம் மருத்துவமனையில் மருந்தேற்றினார்கள், அந்த மருந்தின் வழியாகக் கர்த்தர் கிரியை செய்தார்" என்ற வரி கடைசி வரைக்கும் இருந்தது. அது ஓசைக்குப் பொருந்தவில்லை. அதையும் அடித்தேன். அதன் இடத்தில் "கத்தியின்றி, இரத்தமின்றி" என்று எழுதினேன். அது நடந்ததைப் பார்த்து எழுதியதல்ல, காதுக்காக வந்தது. அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த ஞாயிறு வரை கத்தி படவில்லை என்பதால் பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து வாசித்தேன். அடித்த வரி இருந்த இடத்தில் கண் ஒரு நொடி தடுக்கியது. மருந்தில் வறண்ட தொண்டை. இருமினேன். பிறகு அடுத்த வரிக்குப் போனேன். "கட்டி கரைந்துபோனது." கைதட்டினார்கள். நாசி லெமாக் சிஸ்டர் சத்தமாக அழுதார். கீபோர்டு தொடங்க வேண்டியிருக்கவில்லை.

யாரோ கைப்பேசியில் பதிவு செய்திருந்தார்கள். வாட்ஸப்பில் போட்டார்கள். குரல் மட்டும். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

சபையில் இருந்தவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். குரலுக்குத் தலை இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரம் அறுவை நடந்தது. கட்டி இருந்த இடத்தையும் குறியையும் அக்குள் கணுக்கள் சிலவற்றையும் எடுத்தார்கள். கட்டி கரைந்த பின் அறுவை எதற்கு என்று மருத்துவரிடம் கேட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாதது ஸ்கேனுக்கும் தெரியாமல் இருக்கலாம் ஆன்டி என்றார். எடுத்த திசுவில் புற்றணு எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது.

சபையில் அறுவையைப் பற்றி நான் சொல்லவில்லை. ஒரு சின்ன செக்கப் என்று சொல்லி இரண்டு ஞாயிறு போகவில்லை. சாட்சி அப்படி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்போது கத்தி பட்டது என்று எப்படிச் சொல்வது. கர்த்தருக்கு வெட்கம் வந்துவிடுமோ என்று நான் அவரைக் காப்பாற்றினேன். ஜேம்ஸுக்கு இது பிடிக்கவில்லை. "கலியாண கார்டு அடிக்கிற மாதிரியே சாட்சியும் அடிச்சிட்ட" என்று ஒருமுறை சொன்னார். நான் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். பேசுவதற்குக் களைப்பாக இருந்தது. அது எப்போதும் கைவசம் இருந்த காரணம்.

எட்டு மாதம் போனது. கதிர்வீச்சு முடிந்து, காதுக்கு மேல் கொஞ்சம் முடி வந்து, வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஒரு மதியம் கடையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, அந்தக் கரைஞ்சிபோச்சு வாய்ஸ்ல பேசினது நீங்கதானே?"

பேசியவர் பெயர் மணியம். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் லோரி ஓட்டுகிறார். அவர் மனைவி விமலா அங்கே கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி எங்கள் சபைக்கு வருகிறவள். அவள்தான் என் எண்ணைத் தந்திருக்கிறாள். அவள் வழியாகத்தான் என் குரலும் விமலாவிடம் போயிருந்தது. விமலாவுக்கும் மார்பில் கட்டி. பயாப்சி எடுத்து, மருந்தேற்றத் தேதியும் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்தில் என் குரல் அவளிடம் வந்தது. அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. அவர்கள் இந்துக்கள், வீட்டில் முருகன் படம். ஆனால் தினமும் மூன்று வேளை, மருந்து சாப்பிடுவது போல, என் குரலைக் கேட்டிருக்கிறாள்.

"நான் சொன்னா கேக்க மாட்றா. டாக்டர் போன் போட்டாங்க, எடுக்க மாட்றா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, கேப்பா. நீங்க சொன்னதத்தான இத்தன நாளா கேட்டுக்கிட்டு இருக்கா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஜேம்ஸ் காரில் கூட்டிக்கொண்டு போனார். தொழிற்சாலைகளைத் தாண்டித் திரும்பும்போது, சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு நிமிசத்துல முடிச்சிடாத."

விமலா என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மார்பின் மேல் மடித்த துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அறையில் சாம்பிராணி வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை. நோய்ப் பிரிவில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு அது தெரியும். கட்டி தோலை உடைத்துப் புண்ணாகியிருந்தது.

"வாங்கக்கா. குரலைக் கேட்டு நல்லா குண்டா இருப்பீங்கனு நெனச்சேன்" என்றாள்.

என் சாட்சி முழுவதும் அவளுக்கு மனப்பாடம். சொல்லிக் காட்டினாள். நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, நான் குரலை உயர்த்திய இடத்தில் உயர்த்தி. என் வரிகள் இவ்வளவு அழகாக இருந்ததா என்று தோன்றியது. அழகுதான் பயமாக இருந்தது. "கத்தியின்றி, இரத்தமின்றி" என்று சொல்லும்போது கண்களை மூடிக்கொண்டாள்.

பிறகு கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுக்கா. கரைஞ்சிபோச்சுனு சொல்றதுக்கு முன்னாடி ஒரு இருமல் வருதுல்ல. ஏதோ சொல்ல வந்து முழுங்கிட்டீங்க. என்னக்கா அது?"

ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். அந்த இருமலைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நான் சொன்னேன். சிவப்பு மருந்தைச் சொன்னேன். எட்டு முறை என்று சொன்னேன். குறியைச் சொன்னேன். சொல்வது போதாது என்று தோன்றியது. ஆண்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, ரவிக்கையை விலக்கி இடது பக்கத்தைக் காட்டினேன். அறுத்துத் தைத்த கோடு, கதிர்வீச்சில் கறுத்த தோல், அக்குளில் பள்ளம்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். தொட்டுப் பார்க்கவில்லை.

"அப்போ உங்க சாமி ஒண்ணும் செய்யலையா?"

"செஞ்சாரு."

"மருந்தும் போட்டீங்க."

"போட்டேன்."

"ரெண்டும்."

"ரெண்டும்."

அவள் துண்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "ரெண்டும்ங்கறது ஒரு வார்த்தைதானக்கா. அதுக்கா இடமில்லாம போச்சு?" என்றாள்.

மன்னிப்பு கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. புறப்படும்போது, "திங்கக்கிழமை என்கூட வருவீங்களாலா?" என்று கேட்டாள்.

போனோம். அதே நாற்காலிகள். அவள் எண் வந்து எழுந்தபோது நான் ஆடினேன். நோய் எலும்புக்குப் போயிருந்தது. இனி முழுவதும் குணமாக்கும் சிகிச்சை அல்ல, பிடித்து வைக்கும் சிகிச்சை என்றார் மருத்துவர். எவ்வளவு காலம் என்று மணியம் கேட்டார். மருந்து எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம் என்றார். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேருமே அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கேட்கப்பட்ட ஜெபத்தால் கெடுதல் வருமா? இந்தக் கேள்வியோடு பல மாதம் இருந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் ஜெபம் கேட்கப்படாமல் நான் செத்திருந்தால் அந்தக் குரல் இருந்திருக்காது. விமலா குறித்த தேதியில் போயிருப்பாள். இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அப்படித்தான் வருகிறது. கர்த்தருக்கு இது முன்கூட்டியே தெரியாதா என்று ஒருநாள் ரயிலில் நின்றுகொண்டு அவரையே கேட்டேன். ஒலிபெருக்கியில் ஸ்டேஷன் பெயரைத்தான் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் பிறகு தெரிந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனுக்கு இயேசு கண் கொடுத்ததைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். துப்பி, மண்ணைக் குழைத்து, சேற்றைக் கண்ணில் பூசி, போய்க் கழுவு என்று அனுப்பினார். எப்படிப் பார்வை வந்தது என்று ஊரார் அவனைக் கேட்டபோது அவன் சேற்றையும் சொன்னான், கழுவியதையும் சொன்னான். எதையும் அடிக்கவில்லை. சேற்றைச் சொன்னால் அற்புதம் சின்னதாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கொடுத்தவர் கெடுதல் கொடுக்கவில்லை. கொடுத்ததில் சேற்றைக் கழுவிவிட்டு நான் அடுத்தவளுக்கு நீட்டினேன்.

இது எனக்குப் போதுமான பதில்தானா என்று கேட்டால், சில நாள் போதும். சில நாள் போதாது.

பாஸ்டரிடம் போய் மறுபடி சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். இரண்டு முறை என்னை மருந்தேற்ற அழைத்துப்போய் மாலை வரை காத்திருந்தவரே அவர்தான். தயங்கினார். "சாட்சினா கர்த்தர் செஞ்சதச் சொல்றது சிஸ்டர். நீங்க சொல்ல நினைக்கிறது மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரில இருக்கு" என்றார். விமலாவைப் பற்றிச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த தன் நீரிழிவு மாத்திரைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு கீபோர்டு வாசிப்பவரைச் சாட்சி நேரத்தில் கீழே உட்காரச் சொல்லிவிட்டார்.

பதினோரு நிமிடம் பேசினேன். மருந்தின் நிறத்தைச் சொன்னேன், குறியைச் சொன்னேன், கத்தியைச் சொன்னேன், ஒளித்ததைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. முடிந்ததும் ஒரு பெண் வந்து, தனக்கும் ஒரு கட்டி இருக்கிறது, எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று காதோடு கேட்டாள்.

அதையும் பதிவு செய்து அனுப்பினார்கள். அது எங்கும் போகவில்லை. பதினோரு நிமிடம் யார் கேட்பார்கள். பழையது இன்னும் சுற்றுகிறது. போன மாதம் செலாயாங்கில் இருக்கும் என் சித்தி மகள் எனக்கே அனுப்பியிருந்தாள், கைகூப்பும் படங்களோடு. "யாருனு தெரியல, ரொம்ப தைரியம் குடுத்துச்சு, உனக்கும் அனுப்பணும்னு தோணுச்சு" என்று எழுதியிருந்தாள். மருந்தில் வறண்ட என் குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இப்படி வரும்போதெல்லாம் இந்தக் கட்டுரையில் உள்ளதைச் சுருக்காமல் எழுதி அனுப்புகிறேன். இனி என் வேலை இதுதான் போலிருக்கிறது.

என் இடது மார்பில் அந்தக் குறி இப்போது இல்லை. எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் ரயிலில் பையின் வார் படும்போது அரிசியளவு ஏதோ உறுத்துகிறது. குணமான உடம்பு என்று சொல்கிறார்கள். நான் குடியிருக்கும் உடம்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரோ திறந்து பார்த்துவிட்டுச் சாத்திய வீடு மாதிரி. காலமும் மாறிவிட்டது. கிழமை, மாதம் எல்லாம் கடையில் அட்டை அடிக்க மட்டும். மற்றபடி எனக்கு நாட்கள் மூன்று வாரம் மூன்று வாரமாகத்தான் வருகின்றன. முதலில் அவை என்னுடையவை. இப்போது விமலாவுடையவை.

இன்று அவளுக்கு ஐந்தாவது மருந்தேற்றம். புண் கொஞ்சம் வற்றியிருக்கிறது. வலிக்குக் கொடுக்கும் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எதையும் சொல்ல மாட்டேன். மணியம் லோரியோடு போயிருப்பதால் நான் கூட வந்தேன். தாதி ஊசியைக் குத்தி மருந்துப் பையைத் தொங்கவிட்டாள். விமலா தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க சாமிகிட்ட வேண்டுங்கக்கா."

இவளுக்காக நான் எதைக் கேட்பது. கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது. அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"வேண்டுங்கலா. ஆனா சுருக்காதீங்க."

தொடங்கினேன். கண்களை மூடாமல், பார்த்துப் பார்த்து. சொட்டும் மருந்தைச் சொன்னேன். குத்திய நரம்பைச் சொன்னேன். தாதியைச் சொன்னேன், காலையிலிருந்து அவள் உட்காரவில்லை என்பதையும். நெடுஞ்சாலையில் இருக்கும் லோரியை, அதை ஓட்டுகிறவரின் கண்களை. புண்ணை, அதன் வாசனையை. எலும்பை, எந்த எலும்பு என்பதையும். எட்டு மாதத்தைச் சொல்ல வந்தபோது இருமல் வந்தது. நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன்.

விமலா ஊசி இல்லாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருமிக்கோங்க. இருமிட்டு, விட்ட எடத்துலேருந்து சொல்லுங்க."

சொன்னேன். ஆமென் வருவதற்குள் முதல் பை முடிந்துவிட்டது.